உதவி: தங்கச் சங்கிலி இரண்டு முறை அறுந்தும் பணம் தர மறுக்கிறார்கள்

ஆயர் ஈத்தாம் அக்கா:
பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையில் வாங்கிய சங்கிலி அறுந்துவிட்டது. ஒட்டிக் கொடுத்தார்கள், மறுபடியும் அறுந்துவிட்டது. பணத்தைக் கொடுங்கள் என்றால் ரசீதின் அடியில் குத்தியிருக்கும் முத்திரையைக் காட்டுகிறார்கள். 4,300 வெள்ளி, சும்மா விடுவதா? சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசி:
எப்போது வாங்கினீர்கள் அக்கா? எத்தனை கிராம்? அறுந்தது கொக்கிப் பக்கமா, நடுவிலா? முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

பட்டறைப் பேரன்:
நான் கேட்கவே தேவையில்லை. பற்றாசுதான், அதாவது வளையத்தை உருக்கி ஒட்டும் உலோகக் கலவை. தாத்தாவின் பட்டறையில் வளர்ந்தவன் நான். வளையத்தின் வாயில் சூடு சரியாக ஏறாவிட்டால் பற்றாசு மேலே பூசினாற்போல் நிற்கும். பார்வைக்கு மூடியிருக்கும், இழுத்தால் பிரிந்துவிடும். பூதக்கண்ணாடியில் பாருங்கள். கம்பியே மெலிந்திருந்தால் தேய்மானம், வாய் மட்டும் திறந்திருந்தால் செய்தவர் தவறு.

பட்டர்வொர்த் மாமி:
முகத்தை வெளுப்பாக்கும் களிம்பு ஏதாவது பூசுகிறாயா அம்மா? பாதரசம் கலந்த களிம்பு பட்டால் தங்கம் வெளுத்துப்போகும். என் நாத்தனார் மோதிரம் அப்படித்தான் வீணாயிற்று.

பட்டறைப் பேரன்:
சங்கிலி வெளுத்தது என்று அவர் எங்கே சொன்னார் மாமி?

மதுரைக்காரன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 4,300 வெள்ளி என்கிறீர்கள், இது தங்கச் சங்கிலியா, வெள்ளிச் சங்கிலியா?

பாயான் லெப்பாஸ் வாசி:
இங்கே வெள்ளி என்றால் பணம் ஐயா. ரிங்கிட்.

மதுரைக்காரன்:
நகையைப் பற்றி எழுதும்போதாவது ரிங்கிட் என்று எழுதக் கூடாதா?

பட்டர்வொர்த் மாமி:
வெள்ளி நாணயம் புழங்கிய காலத்திலிருந்து வரும் சொல். என் அப்பா தோட்டத்தில் வாங்கியது வெள்ளிச் சம்பளம். உங்களுக்காக மாற்ற முடியாது.

மூத்த உறுப்பினர்:
இதே கேள்விக்கு நான் பதில் எழுதி எழுதிக் கை வலித்துவிட்டது. தேடிப் படிக்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. கடைசி முறையாகச் சொல்கிறேன். மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999. பிரிவு 32: விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருந்தாக வேண்டும். பிரிவு 6: அந்தப் பாதுகாப்பை முத்திரை குத்தியோ பலகை மாட்டியோ பறிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் படிவம் 1, கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. பற்றாசு, களிம்பு, நாணயம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

பட்டறைப் பேரன்:
தேவைதான் ஐயா. பழுது யாருடையது என்று மன்றத்தலைவர் கேட்பாரே, பிரிவு எண்ணையா காட்டுவீர்கள்?

ஆயர் ஈத்தாம் அக்கா:
எல்லாருக்கும் நன்றி. 2024 தீபாவளிக்கு வாங்கியது, 916 (22 காரட்) தங்கம், 10.2 கிராம். கொக்கிக்கு அடுத்த வளையம், இரண்டு முறையும் அதே இடம். முத்திரையில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று இருக்கிறது. பணம் கிடையாதாம், வேண்டுமானால் பழைய நகை விலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம், செய்கூலி போகுமாம். இப்போது தம்பி பசை வைத்து ஒட்டியிருக்கிறான்.

பட்டறைப் பேரன்:
பசையா? ஐயோ.

மூத்த உறுப்பினர்:
முடிந்தது கதை. வாங்கியவர் கையால் கெட்டுப்போன பொருளை நிராகரிக்க முடியாது, பிரிவு 43. முதலிலேயே சொல்லியிருந்தால் என் நேரம் மிச்சமாகியிருக்கும்.

பாயான் லெப்பாஸ் வாசி:
அவசரப்படாதீர்கள் ஐயா. வளையம் பிரிந்த பிறகுதான் பசை வந்தது. அக்கா, பசை வைப்பதற்கு முன் படம் எடுத்தீர்களா?

ஆயர் ஈத்தாம் அக்கா:
அறுந்த அன்றே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்திருக்கிறது.

ஜெலுத்தோங் கணக்கர்:
அந்தப் படம் போதும், நாள், நேரத்தோடு அச்செடுங்கள். பசையை நீங்களாகச் சுரண்டாதீர்கள். ஒரு முறை பழுது பார்க்க வாய்ப்புக் கொடுத்தாயிற்று, அதே இடம் மறுபடி போயிற்று. இனி பொருளை நிராகரிக்கிறேன் என்று காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள்.

இங்கே யாரும் கேட்காத ஒன்று. உங்களுக்கு உண்மையில் பணம்தான் வேண்டுமா? 2024 தீபாவளிக்குப் பிறகு தங்கம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அன்று கொடுத்த 4,300 வெள்ளியைத் திருப்பி வாங்கி அதே தெருவில் நடந்தால் 10.2 கிராம் கிடைக்காது. நிராகரித்த பிறகு பணமா, கடை இருப்பில் அதே வகைப் பொருளா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், பிரிவு 46. மாற்றுச் சங்கிலி கேளுங்கள். பழைய நகை விலைக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் அது நீங்களாகவே விற்றதாகிவிடும். பிறகு பழுது என்ற பேச்சே எடுபடாது.

மூத்த உறுப்பினர்:
சட்டத்தில் ஒத்த மதிப்பு என்றுதான் இருக்கிறது, ஒத்த எடை என்று இல்லை. அன்றைய மதிப்பு என்று கடைக்காரர் வாதாடலாம்.

ஜெலுத்தோங் கணக்கர்:
வாதாடட்டும். தங்கம் கிராமில் விற்கிற பொருள். பத்து கிராமை வாங்கிக்கொண்டு எட்டு கிராமைக் கொடுத்துவிட்டு ஒத்த மதிப்பு என்று மன்றத்தில் அவர் சொல்வதைக் கேட்க நானே வருவேன்.

பட்டர்வொர்த் மாமி:
மஸ்ஜித் நெகிரி சாலையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. படிவம் புரியாவிட்டால் அங்கே போய்க் கேள் அம்மா.

மதுரைக்காரன்:
எங்கள் ஊரில் ஹால்மார்க் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

பட்டறைப் பேரன்:
ஹால்மார்க் தங்கத்தின் தூய்மைக்கு. வளையத்தின் வாய்க்கு யார் முத்திரை குத்துவது?

(ஒன்பது நாள் கழித்து)

ஆயர் ஈத்தாம் அக்கா:
வேறு சங்கிலி கொடுத்துவிட்டார்கள். 10.2 கிராம், என் கண்ணெதிரே நிறுத்தார்கள். செய்கூலி கேட்கவில்லை. நிரப்பிய படிவத்தை மேசைமேல் வைத்தேன், முதலாளி உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். மகளுக்குப் பரீட்சை, பிறகு எழுதுகிறேன். நன்றி.

பட்டறைப் பேரன்:
அக்கா, புதிய சங்கிலியின் கொக்கியைப் பார்த்தீர்களா? பசையைப் பற்றி ஏதாவது கேட்டார்களா?

பட்டறைப் பேரன்:
அக்கா?