மறுமொழி: ‘மாட்’ என்பதற்குத் தமிழ் – ‘திருத்து’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கணினி ஆட்டத்தை ஆடுபவர்களே தங்கள் விருப்பப்படி மாற்றவோ கூட்டவோ செய்து சேர்ப்பதுதான் ‘மாட்’ (mod). அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதே இந்த இழையின் கேள்வி. இதுவரை வந்தவை செருகுநிரல் (plugin), நீட்சி (extension), மாற்றி ஆகிய மூன்றும். முதலிரண்டும் உலாவிகளோடு ஒட்டிப் பழகிவிட்ட சொற்கள். செருகுநிரலில் இன்னொரு சிக்கலும் உண்டு: கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் ஆட்டத்தில், கட்டைகளின் தோற்றத்தை மட்டும் மாற்றும் மாட்டில் நிரலே இல்லாமல் படக்கோப்புகள் மட்டும் இருக்கலாம். ‘மாற்றி’ என்றால் மின்கருவி நினைவுக்கு வருகிறது. அப்படியே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். ஆனால் பலர் ‘மோட்’ என்றும் எழுதுகிறார்கள். உயிர்பிழைத்து ஆடும் முறையான ‘சர்வைவல் மோட்’டில் (mode) வருவதும் அதே மோட்தான். ‘எந்த மோட் போட்டிருக்கிறாய்?’ என்று கேட்டால் எதைக் கேட்கிறார் என்று தெரிவதில்லை.

சொல்லைத் தேடும் முன், ஆடுபவர்கள் ஏன் மாட் பக்கம் போகிறார்கள் என்று பார்ப்போம். மைன்கிராஃப்டில் நம் பையில் 36 இடங்கள். மண்ணோ கல்லோ ஓர் இடத்தில் 64 அடங்கும். வாளும் பிக்காசும் ஆளுக்கோர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பொழுது பாதி பையைக் காலி செய்வதிலேயே போகும். கருவிகளைச் செப்பனிடும் பட்டடை (anvil) இன்னும் மோசம். ஒரு பிக்காசை அதில் செப்பனிடும் ஒவ்வொரு முறையும் கூடுதல் செலவு, ஆடிச் சேர்த்த அனுபவ நிலைகளில் 1, 3, 7, 15, 31 என்று ஏறும். மொத்தம் 40 நிலைகளைத் தொட்டால் சர்வைவலில் பட்டடை மறுத்துவிடும். பார்த்துப் பார்த்து மந்திரம் ஏற்றிய கருவியைப் பேணவேண்டிய இடமே அதைக் கைவிடச் சொல்கிறது! இது கடினம் அல்ல, வடிவமைப்பின் குறை. கடினமான ஆட்டத்தில் தோற்றால் மறுபடி முயல வழி இருக்கும்; இங்கே முயல்வதற்கே ஒன்றும் இல்லை.

இதைத்தான் மாட் எழுதுபவர் சரிசெய்கிறார். ஒருவர் முதுகுப்பை சேர்க்கிறார், ஒருவர் பட்டடையின் வரம்பை நீக்குகிறார். அவர் ஆட்டத்தை உருவாக்கியவர் அல்லர், அதில் குடியேறியவர். தமிழில் இதற்கு ஒரு வினை இருக்கிறது: காடு திருத்துவது, நிலம் திருத்துவது. முள்ளை வெட்டி, மேட்டைச் சரித்து, வாழ்வதற்கு ஏற்றதாக்குவது. அதனால் ‘திருத்து’ என்பதையே பெயர்ச்சொல்லாக முன்மொழிகிறேன். மாட் எழுதுபவர் திருத்துநர், பல மாட்களின் கட்டு திருத்துத்தொகுப்பு. நிறுவனம் வெளியிடுவது எப்போதும்போல இற்றை (update).

சில சமயம் திருத்தே இற்றையாகிவிடும். கட்டைகளைத் தள்ளும் பிஸ்டன் முதலில் ஓர் ஆட்டக்காரர் எழுதிய மாட். 2011இல் மைன்கிராஃப்டுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள்.

— — —

மறுமொழி:

ஐயா, திருத்துநர் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘திருத்து’ என்றதும் பிழைதிருத்தம்தான் முதலில் தோன்றும். 1999இல் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக், ஹாஃப்-லைஃப் என்ற சுடும் ஆட்டத்தின் மாட்டாகத்தான் பிறந்தது. அது ஹாஃப்-லைஃபின் எந்தப் பிழையையும் திருத்தவில்லையே, தனி ஆட்டமாக அல்லவா ஆகிவிட்டது? அதற்கும் இந்தச் சொல் தாங்குமா?

— — —

மறுமொழி:

தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். காட்டைத் திருத்திக் கழனி ஆக்கிய பிறகு அது காடு இல்லை. ஆனாலும் அந்த வேலைக்குப் பெயர் திருத்துவதுதான். பிழை என்ற பொருள் ‘திருத்தம்’ என்ற வடிவத்தில்தான் அழுத்தமாக ஒட்டியிருக்கிறது. அதனால் ‘அம்’ சேர்க்காமல் ‘திருத்து’ என்றே வைப்போம். அப்புறம், பேச்சில் எப்படி இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்: ‘பட்டடைக்கு ஒரு திருத்து இருக்கிறது, போட்டுப் பார்.’ எனக்கு இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள், பன்மைக்கு ‘திருத்துகள்’ போதுமா என்பதையும் சேர்த்து.