தவணை முடிய முன்னர் விடுகைப் பத்திரம் எடுப்பது எப்படி? ஒட்டுசுட்டானில் இருந்து தர்மபுரம் மாறுகிறோம்

குளக்கட்டு:

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். மாமிக்கு எழும்பி நடக்க ஏலாமல் போனதால் குடும்பத்தோடு கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரத்துக்கு மாறுகிறோம். மகள் தரம் 7 முடித்து 8க்குப் போகிறாள். மகன் 4 முடித்து 5க்கு, அதாவது வருகிற வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. மூன்றாம் தவணை முடிய ஒரு கிழமைகூட இல்லை.

தர்மபுரத்துப் பாடசாலையில் கேட்டால், "பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள், சேர்க்கிறோம்" என்கிறார்கள். இங்கே கேட்டால், "அங்கே சேர்ப்பதாகக் கடிதம் கொண்டு வாருங்கள், பத்திரம் தருகிறோம்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் வேலை நகரவில்லை.

அதோடு புத்தகப் பிரச்சினை வேறு. போன மாத மழையில் குளம் வான் பாய்ந்து எங்கள் ஒழுங்கைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கட்டிலுக்குக் கீழே பெட்டியில் இருந்த மகளின் பாடநூல்கள் நனைந்துபோயின. தமிழும் கணிதமும் பரவாயில்லை, காய்ந்து நெளிந்து கிடக்கின்றன. விஞ்ஞானமும் வரலாறும் பக்கத்தோடு பக்கம் ஒட்டி ஒரே கட்டி. வருட முடிவில் எல்லாப் புத்தகத்தையும் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்களாம். காசு கட்டாவிட்டால் பத்திரத்தை மறித்து வைப்பார்களா? அரசாங்கம் இலவசமாகத் தரும் சீருடைத் துணியும் சப்பாத்து வவுச்சரும் எந்தப் பாடசாலையில் வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏ35 பயணி:

அக்கா, ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்கள்? ஜனவரியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பில் இருத்துங்கள். எங்கள் ஊர்ப் பாடசாலைகள் பிள்ளைகள் குறைவு என்று ஆள் தேடுகின்றன. திருப்பி அனுப்ப மாட்டார்கள். பத்திரம் பிறகு வரும்.

வெண்கட்டி:

தம்பி சொல்வதில் பாதி சரி. வகுப்பில் இருத்துவார்கள், திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் பத்திரம் வரும்வரை பிள்ளையின் பெயர் சேர்விடாப்பில், அதாவது பாடசாலையில் சேர்ந்த பிள்ளைகளின் பதிவேட்டில், ஏறாது. பெயர் ஏறாத பிள்ளைக்குப் புத்தகமும் கிடைக்காது, துணியும் கிடைக்காது, தரம் 5 பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சிக்கலும் உண்டு, கீழே சொல்கிறேன். நான் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன், இந்தக் கதையை ஒவ்வொரு டிசம்பரும் பார்த்தவன்.

தங்கச்சி, முதலில் கடிதம், அதன் பிறகுதான் பத்திரம். உங்கள் பழைய பாடசாலை கேட்பது நியாயமானது. 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016இல் சட்டம் வந்துவிட்டது. பிள்ளை எங்கே போகிறது என்று தெரியாமல் பெயரை வெட்டினால், அது இடைவிலகல் கணக்கில் போய் நிற்கும், அதிபர்தான் பதில் சொல்ல வேண்டும். எனவே தர்மபுரத்துக்காரர்தான் முதலில் எழுத வேண்டும். பெரிய கடிதம் ஒன்றும் தேவையில்லை. "இன்ன பெயருடைய மாணவிக்கு அடுத்த ஆண்டு தரம் 8இல் அனுமதி வழங்க முடியும்" என்று கடிதத் தலைப்புள்ள தாளில் இரண்டு வரி, கையொப்பம், முத்திரை. அவ்வளவுதான்.

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். நீங்கள் ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதி, பிள்ளைகள் இருவரின் பிறப்புச் சான்றிதழ், இந்த வருடத் தேர்ச்சி அறிக்கை, இரண்டினதும் போட்டோ கொப்பியை அதோடு இணைத்து, நேரில் அதிபரிடம் கொடுங்கள். காலை கூட்டம் முடிந்த கையோடு போனால் ஆள் அகப்படுவார். பதினொரு மணிக்குப் பிறகு போனால் வலயக் கூட்டம், கோட்டக் கூட்டம் என்று கதிரை வெறுமையாக இருக்கும். எழுதித் தர மறுத்தால், கிளிநொச்சிப் பக்கத்துக் கோட்டக் கல்விப் பணிப்பாளரிடம் அந்தக் கோரிக்கைக் கடிதத்தின் பிரதியோடு போங்கள். முல்லைத்தீவுப் பக்கத்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், சேர்க்கிற பக்கத்தில்தான் தீர்வு இருக்கிறது.

இதெல்லாம் பாடசாலை கடைசி நாளுக்கு முன்னர் நடக்க வேண்டும். விடுமுறையில் அலுவலகம் திறந்திருந்தாலும் சேர்விடாப்பு அலுமாரிக்குள் இருக்கும், திறப்பு வேறு யாரிடமாவது இருக்கும்.

மகனின் விடயம்: புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பெற்றோர் தனியாக விண்ணப்பிப்பதில்லை. பாடசாலை அதிபர்தான் தரம் 5 பிள்ளைகளின் விபரத்தை இணையவழி அனுப்புகிறார். அந்த நேரம் பிள்ளையின் பெயர் எந்த இடாப்பில் இருக்கிறதோ அங்கிருந்துதான் போகும். உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளியும் (தகுதி பெறத் தேவையான குறைந்த புள்ளி) மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, முல்லைத்தீவுக்கு ஒன்று, கிளிநொச்சிக்கு ஒன்று. அதனால் மகன் கிளிநொச்சி இடாப்பில் வருடத் தொடக்கத்திலேயே ஏறிவிட வேண்டும்.

குளக்கட்டு:

மிக்க நன்றி சேர். கடிதம் எழுதிவிட்டேன், நாளைக்கே இவர் மோட்டார் சைக்கிளில் கொண்டு போகிறார். பத்திரம் கையில் வரும்போது நான் என்ன பார்க்க வேண்டும்?

வெண்கட்டி:

நல்ல கேள்வி, பலர் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அங்கேயே நின்று பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முதலெழுத்து, தகப்பன் பெயர், பிறந்த திகதி, சேர்விலக்கம் (சேர்விடாப்பிலுள்ள எண்), கடைசியாகச் சித்தியடைந்த தரம். "தரம் 7 சித்தி" என்று இருக்க வேண்டும், வெறுமனே "தரம் 7" என்று இருந்தால் புதிய இடத்தில் மறுபடி ஏழில் போடலாமா என்று ஒரு கதை வரும்.

வன்னியில் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்க வேண்டும். 2009 இடப்பெயர்வில் இடாப்புகளை இழந்த பாடசாலைகள் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு நினைவிலும் பெற்றோர் சொல்லிலும் புதிதாக எழுதின. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலருக்கு இடாப்பில் ஒரு திகதி, பிறப்புச் சான்றிதழில் ஒரு திகதி. அது தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் வெளியே வரும். பதினைந்து வயதில் அலைவதைவிட இப்போது ஐந்து நிமிடம் நின்று பார்ப்பது மேல். பிழை இருந்தால் வெட்டித் திருத்தி அதன் மேல் கையொப்பம் வைக்க விடாதீர்கள், புதிய படிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நூலகப் பூச்சி:

புத்தகத்துக்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் பாடசாலையில் பாடநூல் பொறுப்பு என்னிடம்தான்.

மேல் வகுப்புப் புத்தகங்களைத் திருப்பி வாங்குவது அடுத்த வருடப் பிள்ளைக்குக் கொடுக்கத்தான். எல்லாப் பிரதியும் ஒவ்வொரு வருடமும் புதிதாக வருவதில்லை. ஆனால் வெள்ளத்தில் போன புத்தகத்துக்குப் பிள்ளையிடம் காசு கேட்பது சரியில்லை. கிராம சேவகரிடம் "வீட்டுக்குள் வெள்ளம் வந்தது" என்று ஒரு சிறு கடிதம் எடுங்கள். வெள்ள நிவாரணப் பதிவில் உங்கள் பெயர் இருந்தால் அதுவே போதும். அந்தக் கடிதத்தையும் அந்தக் கட்டியான புத்தகங்களையும் சேர்த்தே கொண்டு போய்க் கொடுங்கள். எறிந்துவிட வேண்டாம். பழுதான புத்தகம் கையில் வந்தால் "பாவனைக்கு உதவாதது" என்று பதிவில் போடலாம், வராவிட்டால் "தொலைந்தது" என்றுதான் போட வேண்டி வரும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது.

அப்படியும் காசு கேட்டால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத காசு ஒன்றும் கட்ட வேண்டாம். விடுகைப் பத்திரத்துக்கும் புத்தகத்துக்கும் முடிச்சுப் போடுவது வழக்கத்தில் நடக்கிறது, ஆனால் பத்திரம் பிள்ளையின் உரிமை.

மகனின் ஆரம்பப் பிரிவுப் பயிற்சி நூல்களில் பிள்ளையே எழுதியிருப்பான், அவற்றைத் திருப்பி வாங்கி என்ன செய்வது? அதைப்பற்றி யோசிக்க வேண்டாம்.

ஒட்டிய பக்கங்களை இனி உரிக்க முயல வேண்டாம். வண்ணம் அச்சிட்ட வழுவழுப்பான தாள் நனைந்து காய்ந்தால் பசை போட்டது போலத்தான், உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். நனைந்த அன்றே இடையிடையே பத்திரிகைத் தாள் செருகி, நிமிர்த்தி நிறுத்தி மின்விசிறிக் காற்றில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும். இது அடுத்த மழைக்காவது உதவும். பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைக்காமல் பரணில் ஏற்றுங்கள்.

ஏ35 பயணி:

அப்படியென்றால் தரம் 8 புத்தகம் எங்கே வாங்குவது? பழைய இடத்திலா?

நூலகப் பூச்சி:

இல்லை, படிக்கப் போகிற இடத்தில். ஆனால் ஒன்று. அடுத்த வருடத்துக்கான புத்தகத் தேவையை ஒவ்வொரு பாடசாலையும் முன்கூட்டியே எண்ணி அனுப்பிவிடும். உங்கள் மகளின் தரம் 8 புத்தகம் ஒட்டுசுட்டான் கணக்கில்தான் வந்திருக்கும். தர்மபுரத்தில் ஒன்றிரண்டு பாடத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் வலயத்தில் மேலதிகமாக இருப்பதைக் கேட்டு எடுத்துத் தருவார்கள், கொஞ்சம் நாள் பிடிக்கும். அதுவரை கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்மொழி மூலப் பாடநூல்கள் எல்லாம் இலவசமாக இருக்கின்றன. போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுப் புத்தகத்தையும் கடையில் பிரதி எடுக்கப் போனால் காசு கரைந்துவிடும், முதல் இரண்டு அலகு போதும்.

சீருடைத் துணியும் அதே கதைதான். முன்பே கொடுத்த எண்ணிக்கையின்படி பழைய பாடசாலைக்குத்தான் வரும். விடுமுறைக்கு முன்னர் பங்கிட்டால் அங்கேயே கையொப்பம் போட்டு வாங்கிவிடுங்கள். வாங்கியதை, வாங்காததைப் பழைய அதிபரிடம் ஒரு வரியில் எழுதி எடுத்துக்கொண்டால் புதிய இடத்தில் இரண்டாம் முறை கேட்கிறார்கள் என்று நினைக்க மாட்டார்கள். சப்பாத்து வவுச்சர் எல்லாப் பாடசாலைக்கும் கிடைப்பதில்லை. பிள்ளைகள் குறைந்த பாடசாலைகள், கஷ்டப் பிரதேசங்கள் என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கிடைத்தால் அதிலுள்ள முடிவுத் திகதியைப் பாருங்கள். பொங்கலுக்கு வாங்கலாம் என்று வைத்திருந்து திகதி கடந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

குளக்கட்டு:

கடிதம் கிடைத்துவிட்டது! இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே தாளில் எழுதித் தந்தார். ஆனால் வதிவிடத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார். காணி மாமியின் பெயரில், அதுவும் உறுதி இல்லை, அரச காணிக்கான பெர்மிட்தான். எங்கள் வாக்காளர் பதிவு ஒட்டுசுட்டானில் இருக்கிறது. இதற்கு என்ன செய்ய?

கண்டாவளை மகள்:

அக்கா, வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரக் கணக்கு, வாக்காளர் இடாப்புப் புள்ளி எல்லாம் தரம் 1க்கும், போட்டி உள்ள நகரப் பாடசாலைகளுக்கும். இடை வகுப்புக்கு, அதுவும் இடம் இருக்கிற பாடசாலைக்கு, தர்மபுரம் கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் போதும். நாங்கள் புதுக்குடியிருப்பில் இருந்து வந்தபோது அப்படித்தான் கொடுத்தோம். மாமியின் பெர்மிட் பிரதியும், அவ வீட்டில் இருக்கிறீர்கள் என்று அவவின் கையொப்பத்தோடு ஒரு கடிதமும் கொண்டு போனால் ஜீ.எஸ். (கிராம சேவகர்) மறுக்க மாட்டார். ஒட்டுசுட்டான் ஜீ.எஸ்ஸிடம் குடும்ப அட்டையை மாற்றும் கடிதம் எடுத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் "அங்கே வெட்டினீர்களா" என்று திருப்பி அனுப்புவார்.

அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு எடுக்கிறீர்கள் என்றால் இட மாற்றத்தைக் கண்டாவளைப் பிரதேச செயலகத்தில் கட்டாயம் சொல்லுங்கள். 2025 வருடத் தொடக்கத்தில் கொப்பி, உபகரணம் வாங்கப் பிள்ளைக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்களே, அப்படியான கொடுப்பனவு வரும்போது ஒரு குடும்பம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்ற குழப்பத்தில்தான் பலருக்குத் தாமதமானது.

ஏ35 பயணி:

இதுவாவது எனக்குத் தெரிந்த விடயம். மகளுக்குப் பஸ் சீசன் (மாணவர் பயண அட்டை) எடுக்கப் போகிறீர்கள் என்றால் பழைய சீசன் அட்டை செல்லாது. புதிய அதிபரின் உறுதிப்படுத்தலோடு கிளிநொச்சி டிப்போவில் புதிதாக எடுக்க வேண்டும். இ.போ.ச. (அரச) பஸ்ஸுக்கு மட்டும்தான் அது, தனியார் பஸ்காரர் பார்க்க மாட்டார். காலையில் விசுவமடுப் பக்கம் இருந்து வருகிற பஸ் நிரம்பித்தான் வரும், வீடு பாடசாலைக்குக் கிட்ட என்றால் சைக்கிளே நல்லது.

குளக்கட்டு:

பத்திரம் எடுத்துவிட்டோம். சேர் சொன்னபடி அங்கேயே நின்று பார்த்தேன். மகனின் முதலெழுத்து ஒன்று விடுபட்டிருந்தது, முகம் சுளிக்காமல் புதுப் படிவத்தில் எழுதித் தந்தார்கள். புத்தகக் கட்டியையும் வாங்கிப் பதிந்துகொண்டார்கள், காசு கேட்கவில்லை. துணி இன்னும் வரவில்லையாம், வந்தால் தகவல் சொல்வதாக வகுப்பாசிரியர் சொன்னா.

இன்னும் ஒன்று. புதிய பாடசாலைக் கழுத்துப்பட்டி பாடசாலையில்தான் வாங்க வேண்டுமாம், விடுமுறையில் கிடைக்காது. முதல் நாள் என்ன கட்டிவிடுவது?

கண்டாவளை மகள்:

ஒன்றும் கட்ட வேண்டாம். வெள்ளைச் சட்டையோடு அனுப்புங்கள், முதல் கிழமை யாரும் பார்க்க மாட்டார்கள். கழுத்துப்பட்டிக் காசை மட்டும் ஒரு உறையில் பெயர், தரம் எழுதி மகளின் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் நாள் அலுவலகத்தில் வரிசை நீளமாக இருக்கும்.