வீட்டுத் தொட்டியில் கடல்குதிரை எத்தனை விடலாம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நீலத்தொட்டி (நியூ ஜெர்சி)

எங்கள் வீட்டில் இருப்பது 45 கேலன் தொட்டி. அதில் ஒரே ஒரு ஜோடி, பண்ணையில் பிறந்தவை. வருகிறவர்கள் எல்லோரும், "இவ்வளவு பெரிய தொட்டியில் ரெண்டே ரெண்டுதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார்கள். ஆறு வரைக்கும் தாராளமாக விடலாம் என்று கடையிலும் சொன்னார்கள்.

வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, முதல் ஜோடிக்கு 30 கேலன் (கிட்டத்தட்ட 113 லிட்டர்), அதற்கு மேல் ஒவ்வொரு ஜோடிக்கும் 15 கேலன். எரெக்டஸ், ரெய்டி மாதிரி கடல்குதிரை வகைகளுக்கு இது பொருந்தும். அதன்படி எனக்கு இரண்டு ஜோடி விட இடம் உண்டு. கல்லும் மணலும் போட்டபின் 45 கேலன் தொட்டியில் 45 கேலன் தண்ணீர் நிற்காது என்பதை விடுங்கள், நான் தயங்குவது சாப்பாட்டை நினைத்து.

கடல்குதிரைக்குப் பல்லும் இல்லை, வயிறும் இல்லை. தின்றது சீக்கிரமே வெளியே வந்துவிடும். அதனால் தினமும் இரண்டு மூன்று வேளை போட்டாக வேண்டும். உறைந்த மைசிஸ் இறாலை உருக்கி, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டு, ஒரு சிப்பிக்குள் வைப்பேன். பெண் உடனே வந்துவிடும். ஆண் பாசிக்கொத்தில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு கண்ணால் இறாலையும் இன்னொரு கண்ணால் வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும். முடிவெடுத்துவிட்டால் 'டிக்'கென்று ஓர் உறிஞ்சல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நமக்கே கேட்கும். அது தின்னும்வரை உட்கார்ந்திருந்து, மிச்சத்தைக் குழாயால் எடுத்துவிட வேண்டும். நான்கு என்றால் எது தின்றது, எது பட்டினி என்றே பிடிபடாது. கழிவும் இரட்டிப்பு.

கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) வைத்தால் எண்ணிக்கையைக் கூட்டலாமே என்பார்கள். தண்ணீர் சுத்தத்துக்கு அது உதவும், சரி. ஆனால் வால் பிடிக்கிற இடம் மேலே உள்ள தொட்டியில்தானே இருக்கிறது? இரண்டு ஆண்கள் ஒரே கொம்புக்கு வாலைப் பின்னி மல்லுக்கட்டுவதை நண்பர் வீட்டில் பார்த்தேன். அப்புறம் உயரம்: வாலை நீட்டி அளந்தால் வரும் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும், 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஜோடி சேரும்போது இரண்டும் நிமிர்ந்து மேலே எழும்பும். பெண்ணின் முட்டை ஆணின் பைக்குள் போவது அப்போதுதான். அகலமான குட்டைத் தொட்டி லிட்டரில் எவ்வளவு பெரிதானாலும் எனக்கு வேண்டாம்.

பவளக்கொடி (மெல்போர்ன்)

அந்தக் கேலன் கணக்கை இங்கே அப்படியே எடுக்காதீர்கள். எங்களிடம் இருப்பது தொப்பைக் கடல்குதிரை. 30 சென்டிமீட்டரையும் தாண்டி வளரும். குளிர்நீர்ப் பிராணி, 16 முதல் 18 டிகிரியில் வைத்திருக்கிறோம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் நடக்காது. கோடையில் வெளியே 40 டிகிரி அடிக்கிற நாளில் கரண்ட் போனால் தண்ணீர் மளமளவென்று சூடாகும், பிராணவாயு குறையும், விப்ரியோ கிருமிக்குக் கொண்டாட்டம். அந்த மாதிரி நாளைத் தாங்குமா என்று பார்த்துத்தான் நான் எண்ணிக்கையை முடிவு செய்வேன். வேறு வேறு பண்ணையில் வாங்கியவற்றை ஒன்றாக விடுவதும் இல்லை. ஒரு கூட்டம் பழகிவிட்ட கிருமி இன்னொன்றைச் சாய்த்துவிடும்.

தொண்டிக்காரன்

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே வீட்டில் ஒன்றுகூட வைக்க முடியாது. 2001-ல் கடல்குதிரையை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பிடிப்பது, விற்பது இரண்டுமே குற்றம். எங்கள் பக்கம் பாக் நீரிணையில் இழுவலை போட்டால் சங்காயத்தோடு (விலைபோகாத பொடிமீன்) இதுவும் வந்து விழும். முன்பெல்லாம் காயவைத்து ஏற்றுமதிக்குக் கொடுப்பார்கள். இப்போது உயிரோடு வந்தால் பலர் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். சொந்தக்காரர் வள்ளத்தில் போனபோது ஒன்றைப் பார்த்தேன், வலைக்கண்ணியை வாலால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மெல்லப் பிரித்துத்தான் போட்டார்.

நீலத்தொட்டி, ஒரு சந்தேகம். ஜோடியாக வைத்தால் குட்டி போடுமே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

நீலத்தொட்டி (நியூ ஜெர்சி)

அதில் சேர்க்கவே முடியாது. எரெக்டஸ் ஆண் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் போடும். அவற்றுக்குத் தனித் தொட்டி வேண்டும், புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலை ஒரு நாளில் பல தடவை போட வேண்டும். வேலைக்குப் போகிற வீட்டில் பெரும்பாலான குட்டிகள் தேறாது. இரண்டு பெண்ணாக வாங்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. முதல்முறை வளர்ப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.