மெல்பேர்னில் தங்க இடம்: இங்கிருந்தே ஒழுங்கு செய்வது எப்படி?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடியைச் சேர்ந்தவள். நிரந்தர வதிவிட விசாவில் ஜனவரி நடுப்பகுதியில் மெல்பேர்னுக்குத் தனியாகப் புறப்படுகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, கிளேட்டனில் ஆய்வுகூட வேலையும் உறுதி. தங்க இடம்தான் இல்லை. அங்கே உறவினர் எவரும் இல்லை.

வீட்டு முகவர்களுக்கு வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, இங்குள்ள மேலதிகாரியின் பரிந்துரை எல்லாம் அனுப்பினேன். ஆஸ்திரேலியாவில் முன்பு வாடகைக்கு இருந்த சான்று கேட்கிறார்கள். வீட்டை நேரில் பார்க்க வரச் சொல்கிறார்கள். தனியார் ஒருவர் மட்டும் உடனே சம்மதித்தார். ஆனால் வைப்புப் பணத்தைத் தன் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுக்காரர் அந்தப் பணத்தை 10 வேலை நாட்களுக்குள் அதற்கான அரச அதிகாரசபையில் செலுத்த வேண்டும். அப்படிச் செலுத்துவீர்களா என்று கேட்டதும் அவரிடமிருந்து பதில் நின்றுவிட்டது. பிறகு பார்த்தால், அவர் அனுப்பிய படத்திலிருந்த அதே நீலத் திரைச்சீலையும் கைப்பிடி உடைந்த அலுமாரியும் வேறொரு முகவரியுடன் இன்னொரு விளம்பரத்தில் இருக்கின்றன. ஊர் விட்டு ஊர் வருபவர்களை இப்படி ஏமாற்றுவது பெரும் பாவம்.

எனக்கு ஓர் அறையும் சமைக்க அனுமதியும் போதும். வாரம் 250 டொலர் வரை கொடுக்கலாம். கிளேட்டனுக்கும் டன்டினோங்குக்கும் இடையில், ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வேண்டும். வேலை அதிகாலையில் தொடங்கும். வாரக்கணக்கில் ஹோட்டலில் தங்கக் கையிருப்பு போதாது. போய்ச் சேரும் முகவரி தெரியாமல் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை.

அறையை நேரில் பார்த்த பின்னரே பணம் கட்டும் விதமாக, நம்பிக்கையான ஓர் இடத்தை இங்கிருந்தபடியே எந்த வழியில் ஒழுங்கு செய்யலாம்?