இடிந்துபோன அந்தக் கடலோர ஹோட்டல் பார்: போனவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். அந்த பாரின் கவுன்ட்டருக்குப் பின்னால் 11 வருடம் நின்றவன் நான். இப்போது அங்கே வேலி போட்ட மணல்தான் கிடக்கிறது.

குடிக்க வருபவர்களுக்குக் கடல் ஒரு காட்சி. எங்களுக்கு அது ஓயாமல் வேலை வைக்கிற முதலாளி. காலையில் வந்ததும் ஜன்னல் கண்ணாடியில் படிந்த உப்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். விட்டால் மாலை வெயில் படும்போது கண்ணாடி முழுக்க வெளுத்துப்போய் ஒன்றும் தெரியாது. கால் வைக்கிற பித்தளைக் கம்பியைக் கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டால் களிம்பு ஏறிவிடும். பிழிந்து போட்ட எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்ப்போம்.

ஆனால் நான் எழுத வந்தது ஒரு பெரியவரைப் பற்றி. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதிதாக யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், சூரியனின் கீழ் விளிம்பு தண்ணீரைத் தொடும் நேரம் பார்த்து, “இப்போ சூரியன் இருக்கா, போயிடுச்சா? ஒரு டிரிங்க் பந்தயம்” என்பார். முழு வட்டம் கண்ணெதிரே தெரிகிறதே! எல்லோரும் ‘இருக்கிறது’ என்பார்கள். அவர் டிஷ்யூ பேப்பரை எடுத்துப் படம் போடுவார். காற்று ஒளியை வளைக்கிறது; அதனால் அடிவானத்தில் சூரியன் ஏறத்தாழ அரை டிகிரி மேலே தூக்கித் தெரியும். சூரியனின் அகலமும் ஏறத்தாழ அதே அரை டிகிரிதான். ஆகவே நாம் பார்க்கும்போது நிஜ சூரியன் அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். நடுவர் நான். பில்லை யார் பெயரில் போடுவது என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

*

தோற்றவர்களில் என் கணவரும் ஒருவர். “இது ஏமாற்று வேலை” என்று அறைக்குப் போகும் வரை புலம்பினார். அப்புறம் இன்னொன்று. அலங்காரத்துக்கு ஊதா விளக்கு போட்டிருந்தீர்களே, அதன் கீழே என் ஜின்-டானிக் நீலமாக ஒளிர்ந்தது. பயந்துபோய்த் திருப்பி அனுப்பினேன். டானிக்கில் இருக்கும் குயினைன்தான் அப்படி ஒளிரும் என்று யாரோ சொன்ன பிறகு, வெட்கத்தோடு திரும்பக் கேட்டேன்.

அந்தப் பெரியவர் பச்சை ஒளியைப் பற்றியும் சொன்னார். கடைசிக் கீற்று மறையும் நொடியில் சில நாள் பச்சையாக மின்னுமாம். அவர் பார்த்திருக்கிறாரா?

*

பியானோவை யாரும் சொல்லவில்லையே! ஒரு சீசன் முழுக்க வாசித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அது ஒரு கொடுமை. ஈரக் காற்றில் பலகை உப்பி, நடுக்கட்டைகளின் சுருதி ஏறிவிடும், ஓரத்துக் கட்டைகள் அவ்வளவாக ஏறாது. நான் நடுவை விட்டுவிட்டு இரண்டு ஓரத்திலும் வாசித்துச் சமாளித்தேன். குடித்திருந்தவர்கள் ‘புதுமையாக இருக்கிறது’ என்று கை தட்டினார்கள்.

*

பியானோக்காரரே, உங்களை நன்றாக ஞாபகம் இருக்கிறது. டிப்ஸ் டம்ளரில் நீங்களே முதல் நோட்டைப் போட்டு வைப்பீர்கள்.

அம்மா கேட்டதற்குப் பதில்: எனக்குத் தெரிந்து அவர் அங்கே உட்கார்ந்து பச்சை ஒளியைப் பார்த்ததில்லை. கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். பந்தயம் கட்டியவர் முகத்தைப் பார்ப்பதில்தான் அவருக்கு ருசி.

கட்டடம் ஏன் போனது என்று இங்கே பலர் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் பார்த்தது இதுதான்: உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. துரு ஏறிய கம்பி பருத்து, தூண்களை உள்ளிருந்தே வெடிக்க வைத்தது. பூசினோம், மறுபடி வெடித்தது. ஒருநாள் கூரையிலிருந்து ஒரு சில்லு ஐஸ் வாளிக்குள்ளேயே விழுந்தது. அதன் பிறகு முடிவெடுக்க நாளாகவில்லை.

கடைசி மாலை பெரியவர் வந்தார். பக்கத்தில் நான்கு பேர், எல்லோரும் புதியவர்கள், நல்ல வேட்டைதான். ஆனால் மேகம் மூடிக்கொண்டது, சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றுதான் அவர் முதல் முறையாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு டிரிங்க். பில்லைத் தானே கட்டினார்.