100 சதவீதம் இருந்தும் பல் வைத்தியம் கிடையாது என்கிறார்கள், உதவுங்கள்

கடைவாய்
அவசரம். விஏ, அதாவது அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, பணிக்கால உடல் குறைபாட்டுக்குத் தரும் ரேட்டிங் எனக்கு 100 சதவீதம் வந்துவிட்டது. 100 வந்தால் பல் வைத்தியம் முழுக்க இலவசம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இன்று விஏ பல் பிரிவில் கணினியைப் பார்த்துவிட்டுத் தகுதி இல்லை என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். இடது கீழ்க் கடைவாய்ப்பல் பாதி உடைந்து நாக்கை அறுக்கிறது. ஒரு வாரமாக வலது பக்கமே மென்று விழுங்குகிறேன். வெளியில் வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்த்து இரண்டாயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். யாரிடம் முறையிடுவது?

டெக்சஸ் நெல்லையான்
எந்தப் படை, எப்போது வெளியே வந்தீர்கள், எதற்கு எத்தனை சதவீதம்? இதில் ஒன்றையும் சொல்லவில்லையே தம்பி. எனக்குத் தோன்றுவது, நீங்களே கூட்டிக்கொண்டீர்கள். விஏ கணக்கில் 70-உம் 30-உம் 100 ஆகாது. முதலில் 70 போக மீதி 30. அந்த 30-இல் 30 சதவீதம் 9. ஆக 79, அதை 80 என்று எழுதுவார்கள். 80-க்குப் பல் வைத்தியம் கிடையாது, 90-க்கும் கிடையாது.

கடைவாய்
கூட்டவில்லை அண்ணா. கடிதத்திலேயே 100 என்று அச்சாகியிருக்கிறது. தரைப்படை. குடியுரிமை இல்லாதவர்களை மொழித் திறனுக்காகப் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தில் தமிழுக்காக எடுத்தார்கள். 2019-இல் வெளியே வந்தேன்.

பழைய சார்ஜென்ட்
இதே கேள்விக்குப் பதில் எழுதிக் கை தேய்ந்துவிட்டது. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, மறுபடியும் சொல்கிறேன். பல் வைத்தியத்துக்கு விஏ தனியாக வகுப்புகள் வைத்திருக்கிறது. முழு வைத்தியம் கிடைக்கும் நான்காம் வகுப்பில் வர, ரேட்டிங் 100 இருக்க வேண்டும். அல்லது வேலை செய்ய இயலாதவர் என்று 100-க்கு உரிய தொகை வாங்க வேண்டும். தற்காலிக 100 செல்லாது. கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இங்கே வந்து புலம்பாதீர்கள். தற்காலிகம் என்றால் அடுத்த பக்கத்தில் அது முடியும் தேதி போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள்.

வெண்பல்
நான் பல் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். தம்பி, மன அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா? வாய் உலர்கிறதா? உமிழ்நீர் குறைந்தால் ஈறோரத்தில் வரிசையாகச் சொத்தை விழும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்குக் கடைவாய் இப்படித்தான் பிளக்கும். மூன்றாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

பழைய சார்ஜென்ட்
அம்மா, மூன்றாம் வகுப்பு நேர் எதிரானது. பணிக்கால நோயைப் பல் மோசமாக்கினால்தான் அது பொருந்தும். பணிக்கால நோய்க்கு எடுத்த மாத்திரையால் பல் கெட்டது என்றால் அது இரண்டாம் நிலைக் கோரிக்கை, அதாவது ஒரு நோயால் வந்த இன்னொன்றுக்குக் கேட்பது; பாதையே வேறு.

வெண்பல்
தெரிந்ததை இவ்வளவு கடுப்பில்லாமலும் சொல்லலாம் ஐயா. நாளெல்லாம் வாய்க்குள்ளே பார்க்கிறவள் என்பதால் கேட்டேன்.

ராலே ராசு
எதற்கு இந்த வம்பு? டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மதுரையில் கேப் போட்டுக்கொண்டு வாருங்கள். விமான டிக்கெட்டே கட்டுப்படியாகிவிடும்.

டெக்சஸ் நெல்லையான்
டிசம்பர் வரை உடைந்த பல்லோடு இருக்கச் சொல்கிறீர்களா? அதோடு, அவசரமாக இரண்டு நடையில் முடித்த வேர் சிகிச்சை இங்கே வந்ததும் சீழ் பிடித்தால் யார் பார்ப்பார்கள்?

ராலே ராசு
எங்கள் ஊர் வைத்தியரைக் குறை சொல்ல வேண்டாம். என் அம்மாவுக்குப் போட்ட கேப் இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறது. வெளிநாட்டில் செய்தால் விஏ பணம் திருப்பித் தரும் திட்டமும் இருக்கிறதே.

பழைய சார்ஜென்ட்
அது பணிக்காலத்தால் வந்தது என்று ஏற்கெனவே ஏற்கப்பட்ட குறைபாட்டுக்கு மட்டும். இவர் பல்லை யார் ஏற்றார்கள்?

ராலே ராசு
நீங்கள் எதையாவது முடியும் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

கடைவாய்
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். இரண்டாம் பக்கத்தில் தேதி இருக்கிறது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓய்வுக்காலத்துக்குக் கொடுத்த 100. அடுத்த மாதம் பழைய 60-க்கு இறங்கிவிடும். மாத்திரை எதுவும் இல்லை. இந்தப் பல்லில் பயிற்சியின்போது தடையோட்டச் சுவரிலிருந்து விழுந்து அடிபட்டது. முகாமிலேயே கேப் போட்டார்கள். இப்போது அந்தக் கேப்தான் பல்லோடு உடைந்திருக்கிறது.

டெக்சஸ் நெல்லையான்
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டாமா!

பழைய சார்ஜென்ட்
இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள். 100-ஐ மறந்துவிடுங்கள். பணியில் அடிபட்ட பல்லுக்கு இரண்டு-ஏ வகுப்பு இருக்கிறது. இழப்பீடாக ஒரு காசு வராது, ஆனால் அந்தப் பல்லுக்கு வேண்டிய வைத்தியம் கிடைக்கும். சும்மா சொத்தைக்குப் பிடுங்கினது, அடைத்தது எல்லாம் அடிபட்டதாக ஆகாது. ஆகவே விழுந்த அன்றைய குறிப்பு வேண்டும். பணிக்கால மருத்துவப் பதிவேட்டைக் கேட்கும்போது பல் பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள்; பலர் அதைக் கேட்பதே இல்லை. 21-526ஈஇசட் என்ற விஏ கோரிக்கைப் படிவத்தில் எந்தப் பல், எப்படி அடிபட்டது என்று எழுதுங்கள். முன் அனுமதி இல்லாமல் வெளியில் செய்துகொண்டு ரசீதை நீட்டாதீர்கள், தர மாட்டார்கள்.

மிஷிகன் மணி
படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிடி 214 சான்றிதழில் 17-ஆம் கட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்களேன். பல் பரிசோதனை முடிக்காமல் அனுப்பியிருந்தால் ஒருமுறை இலவச வைத்தியம் உண்டு.

பழைய சார்ஜென்ட்
வெளியே வந்த 180 நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும். 2019 என்று மேலே எழுதியிருக்கிறாரே, படிக்கவில்லையா?

வெண்பல்
தீர்ப்பு வர மாதக்கணக்கில் ஆகும் தம்பி. அதுவரை அந்தக் கூர்முனையையாவது தேய்த்துவிடச் சொல்லுங்கள், நாக்கு புண்ணாகிவிடும். பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குச் செய்வார்கள். விஏ வழியாகப் பல் காப்பீடும் வாங்கலாம், டெல்டா டென்டல், மெட்லைஃப் என்று இரண்டு நிறுவனங்கள் தருகின்றன. ஆனால் சந்தா உங்கள் கையிலிருந்து. கேப்புக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ராலே ராசு
சந்தா கட்டுகிற காசுக்கு மதுரையே மேல்.

கடைவாய்
பல் பதிவேடு வந்துவிட்டது. விழுந்த தேதியும், 19-ஆம் எண் பல் என்று இந்த இடது கீழ்க் கடைவாய்ப்பல்லும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். படிவம் அனுப்பியாயிற்று. கல்லூரியில் முனையைத் தேய்த்துத் தற்காலிகமாக அடைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் நன்றி.

மிஷிகன் மணி
தீர்ப்பு வந்ததும் எழுதுங்கள். எனக்கும் இரண்டு முன்பல் இதே கதைதான், ஆனால் பதிவேட்டில் எதுவும் இல்லை. உடனிருந்தவர் எழுதித் தரும் சாட்சிக் கடிதம் போதுமா?