மகனுக்கு வகுப்பில் ஷேடோ டீச்சர் வைக்கச் சொல்கிறார்கள். யாரைப் பிடிப்பது, என்ன கேட்பது?

சின்னவன் அம்மா:

வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம் இருக்கிறது. இப்போது ஒன்றாம் வகுப்பு. நன்றாக வாசிக்கிறான், எண்கள் என்றால் உயிர். பேச்சு பெரும்பாலும் கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான். "தண்ணி வேணுமா?" என்று அவன் நம்மைப் பார்த்துக் கேட்டால், அவனுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். வீட்டில் எங்களுக்குப் புரிந்துவிடும். வகுப்பில் யாருக்கும் புரிவதில்லை.

மணி அடித்து எல்லாரும் ஒரே நேரத்தில் நாற்காலியை இழுக்கும்போது மேசைக்கு அடியில் போய்விடுகிறான். சில நாள் வகுப்பை விட்டு எழுந்து ஓடுகிறான். போன வாரம் பள்ளியில் கூப்பிட்டு, "நாள் முழுக்க அவனுக்கு உதவியாகக் கூடவே இருக்க ஒரு ஆளை, அதாவது ஷேடோ டீச்சரை, நீங்களே ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் பாதி நாள் மட்டும் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எப்படிப்பட்டவரைத் தேடுவது? என்ன படித்திருக்க வேண்டும்? சம்பளம் நாங்கள் கொடுத்தால் அவர் எங்கள் பேச்சைக் கேட்பாரா, பள்ளி பேச்சைக் கேட்பாரா? என் மாமியார், "வெளியாள் எதுக்கு, நீயே போய் உட்காரு" என்கிறார். அதுவும் ஒரு வழிதானோ என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பின்வரிசை:

தோழி, நான் ஷேடோவாக வேலை பார்ப்பவள். நிறைய வகுப்புகளின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளைத் தேடும் முன் ஒரு வேலை இருக்கிறது. "நாள் முழுக்க ஆள் வேண்டும்" என்றார்கள், சரி. எதற்கு என்று சொன்னார்களா? கேளுங்கள். ஒரு வாரத்துக்கு வகுப்பு ஆசிரியரையே குறித்துத் தரச் சொல்லுங்கள்: அவன் எழுந்து ஓடினால் அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள். மூன்று கட்டம் போட்ட ஒரு தாள் போதும். நான் பார்த்தவரை, நாள் முழுக்கச் சிக்கல் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கு உண்மையில் இரண்டு மூன்று இடங்களில்தான் சிக்கல் இருக்கும். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது, பலகையைப் பார்த்து எழுதும்போது, இடைவேளையில். அதில் சிலவற்றுக்கு ஆளே வேண்டாம். மணிச் சத்தத்துக்கு, மணி அடிக்கப் போகிறது என்று முன்கூட்டியே ஒரு அட்டையைக் காட்டுவதும், சத்தம் குறைக்கும் ஹெட்போனும், மற்றவர்களுக்கு முன்பே அவனை எழுந்து நிற்க விடுவதும் பாதிப் பிரச்சினையை எடுத்துவிடும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினால் மொத்த வகுப்பும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

மீதி இருப்பதற்குத்தான் ஆள். அந்த ஆள் எங்கே உட்காருகிறார் என்பதை வைத்தே அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம். பிள்ளையின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு ஒட்டிக்கொண்டால் எனக்குப் பிடிக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு பையனோடு இருந்தேன். டீச்சர் "நோட்டை எடுங்க" என்பார். வகுப்பில் எல்லார் தலையும் பைக்குள் போகும். அவன் தலை மட்டும் என் பக்கம் திரும்பும். அவனுக்குச் சொன்னது புரியவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். புரியாமல் இல்லை. டீச்சர் பேசினால் அது தனக்கில்லை, இந்த அக்கா சொன்னால்தான் தனக்கு என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான். எனக்கு முன்னால் இருந்தவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவன் காதில் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் என் நாற்காலியை அவன் பார்வைக்கு எட்டாமல் பின்னால் தள்ளிப் போட்டேன். மேசை மூலையில் நோட்டு, பென்சில், புத்தகம் என்று மூன்று படங்கள் ஒட்டினேன். டீச்சர் சொன்னதும் வாயைத் திறக்காமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். அவன் நகரவில்லை என்றால் பின்னாலிருந்து தோளுக்கு மேலே கையை நீட்டிப் படத்தைத் தொடுவேன், அவ்வளவுதான். முதலில் என் முகத்தைத் தேடினான். கிடைக்காததால் படத்தைப் பார்த்தான். அப்புறம் பக்கத்துப் பையன் என்ன எடுக்கிறான் என்று பார்க்க ஆரம்பித்தான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

வாயால் சொல்லும் உதவியை விலக்கிக்கொள்வதுதான் மிகவும் கடினம். சைகை, படம் என்று பழக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். மைக்கேல் ஜியான்கிரெகோவும் அவருடைய சகாக்களும் 1997-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு, உதவியாளர் இப்படி ஒட்டியே இருப்பதைப் பற்றியதுதான். பல வகைக் குறைபாடுள்ள மாணவர்களை வகுப்பில் நேரில் பார்த்து எழுதியது. உதவியாளர் எப்போதும் ஒட்டியே இருந்தால் பிள்ளை சக மாணவர்களிடமிருந்து பிரிந்துபோகிறது, பெரியவர்களையே நம்பி இருக்கிறது, வகுப்பு ஆசிரியரும் "இது என் மாணவன்" என்ற பொறுப்பை உதவியாளரிடம் விட்டுவிடுகிறார் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வேலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அதை முதல் நாளே படிக்கக் கொடுக்க வேண்டும் என்பேன்.

ஆள் தேர்வு. சிறப்புக் கல்வி படித்திருந்தால் நல்லதுதான். ஆனால் சான்றிதழோடு வந்து ஒரு குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், எந்தப் படிப்பும் இல்லாமல் தங்கமாகப் பார்த்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். நேர்காணலில் இதைக் கேளுங்கள்: "அவன் மேசைக்கு அடியில் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?" "கையைப் பிடித்து வெளியே கொண்டுவருவேன்" என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். "எப்போது போகிறான், எதனால் போகிறான்?" என்று உங்களையே திருப்பிக் கேட்டால் அவரை உட்கார வைத்து மேற்கொண்டு பேசுங்கள். பிறகு வீட்டில் ஒருமுறை, வகுப்பில் சில மணி நேரம் என்று பழக விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சம்பளம் யார் கொடுத்தாலும் வகுப்புக்குள் அவர் வகுப்பு ஆசிரியர் சொல்படி நடக்க வேண்டும். இரண்டு எஜமானர்கள் இருந்தால் மாட்டிக்கொண்டு முழிப்பது நாங்கள்தான். நீங்கள், ஆசிரியர், உதவியாளர் மூவரும் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எந்த நேரத்தில் உதவி, எந்த நேரத்தில் தள்ளி நிற்பது. பரீட்சையில் பதிலைச் சொல்லித் தரக்கூடாது. அடித்து, இழுத்து, அமுக்கிப் பிடித்து எதுவும் கூடாது. கழிப்பறைக்கு யார் கூட்டிப் போவார், எதுவரை உதவுவார், அந்த நேரம் வேறு எந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். பேச்சில் சொல்லத் தெரியாத பிள்ளை, இதில் கூச்சப்பட வேண்டாம். கைபேசியில் படம் எடுப்பது பற்றியும் ஒரு வரி.

"தண்ணி வேணுமா" மாதிரி அவன் சொல்லும் வாக்கியங்களை எல்லாம் அர்த்தத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் எந்தப் பிள்ளையிடம் போனாலும் பெற்றோரிடம் முதலில் வாங்குவது அதைத்தான். மருத்துவ அறிக்கையைவிட எனக்கு அதுதான் உதவுகிறது.

இரட்டையர் அப்பா:

நீங்களே போய் உட்காருவது பற்றி மட்டும் சொல்கிறேன், சகோதரி. என் மனைவி எங்கள் பையனோடு ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தார். வேண்டாம். அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு அது வகுப்பே இல்லை. தேவையை வாயால் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, கேட்கும் முன்பே அம்மா கொடுத்துவிடுகிறார். பள்ளிக்கும் அது வசதியாகப் போய்விட்டது. அவருக்குக் காய்ச்சல் வந்த நாளில் "அப்படியென்றால் பையனையும் அனுப்ப வேண்டாம்" என்றார்கள். வேறு ஆள் வைத்த பிறகும் இதே கதைதான், அவர் விடுப்பு என்றால் இவனுக்கும் விடுப்பு.

அதனால் பள்ளி சொன்னதை எழுத்தில் கேளுங்கள். சண்டைக்கு இல்லை, எழுதச் சொன்னாலே வார்த்தை கொஞ்சம் யோசித்து வரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் வந்தது. அதன் 24-ஆவது பிரிவு கல்வி பற்றியது. ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான வசதிகளும் தனிப்பட்ட ஆதரவும் பொதுக் கல்வி அமைப்புக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்கிறது. இது பெற்றோர் தலையில் மட்டும் கட்டும் சமாச்சாரம் இல்லை. உங்கள் ஊரில் பள்ளிக்கு என்ன கடமை, அரசு உதவி உண்டா என்பதை ஆள் வைக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

நாலாம் வகுப்பு டீச்சர்:

பின்வரிசை சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஆசிரியர் பக்கமும் ஒன்று இருக்கிறது. உதவியாளர் காலையில் வந்து உட்காரும்போது இன்றைக்கு என்ன பாடம் என்றே அவருக்குத் தெரியாது. அப்புறம் எப்படி உதவுவார்? பாடம் நடக்கும்போதே அவரும் பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொண்டிருப்பார். இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளில் 2003-லிருந்து சில ஆண்டுகள் உதவியாளர்களைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் தலைமையில். உதவியாளரிடம் அதிக நேரம் இருந்த பிள்ளைகள், அதே மாதிரியான மற்ற பிள்ளைகளைவிடப் படிப்பில் குறைவாகவே முன்னேறினார்கள் என்று கண்டார்கள். உதவியாளர்கள் மேல் அவர்கள் பழி போடவில்லை. தயாராக நேரமே கொடுக்காமல் அவர்களை வகுப்பில் இறக்கிவிட்டதும், பிள்ளைக்கு ஆசிரியரோடு இருக்கும் நேரம் குறைந்துபோனதும்தான் காரணம் என்றார்கள்.

என் வகுப்பில் உதவியாளர் இருந்தால் முந்தின நாளே பாடத்தாளைக் கொடுத்துவிடுவேன். அந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்பது, நோட்டைத் திருத்துவது, திட்டுவது, பாராட்டுவது எல்லாம் நான்தான். சில நேரம் உதவியாளரை மற்ற பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் போய் அவன் பக்கத்தில் உட்காருவேன். உங்கள் மகனின் ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள் அம்மா. முடியாது என்று சொல்பவரிடம் எவ்வளவு நல்ல ஷேடோவை வைத்தாலும் கஷ்டம்தான்.

சின்னவன் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். அவன் ஓடுகிறானே, அதற்கு ஆள் ஒட்டித்தானே இருக்க வேண்டும்? தள்ளி உட்கார்ந்தால் வாசலைத் தாண்டிவிடுவான். இன்னொன்று, மற்ற பிள்ளைகளிடம் அந்த ஆளை யார் என்று சொல்வது?

பின்வரிசை:

நல்ல கேள்வி. ஓட்டம் என்றால் நான் சொன்ன தூரக் கணக்கு எல்லாம் தள்ளுபடி. உயிர் முதலில். ஆரம்பத்தில் அவனுக்கும் வாசலுக்கும் நடுவில்தான் என் நாற்காலி இருக்கும், அப்போதும் பக்கத்தில் இல்லை. அவன் இருக்கை வாசலுக்கு எதிர்ச் சுவரோரம். பள்ளி வாயிலில் இருப்பவருக்கும் அவன் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் பிடிப்பதோடு விட்டுவிடாதீர்கள். எங்கே ஓடுகிறான்? எதையாவது விட்டு ஓடுகிறானா, எதையாவது தேடி ஓடுகிறானா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு பெண் குழந்தை தினமும் கைகழுவும் குழாய்க்கே ஓடுவாள். தண்ணீர் விழும் சத்தம் பிடிக்கும். அவள் எழுந்து ஓடும் முன்பே நாங்களே குறித்த நேரத்தில் கூட்டிப் போனோம், "குழாய்" என்று ஒரு அட்டையும் கொடுத்தோம். அட்டையை நீட்டினால் உடனே போகலாம். ஆரம்பத்தில் ஒரு பாடவேளைக்கு எத்தனை தடவை நீட்டினாலும் கூட்டிப் போக வேண்டும், அதில் கஞ்சத்தனம் காட்டினால் அட்டை மேல் நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை வந்த பிறகு "இந்தக் கணக்கு முடிந்ததும்" என்று தள்ளிப்போடலாம். உங்கள் மகன் வாசிக்கிறான் என்பதால் படம்கூட வேண்டாம், எழுத்தே போதும். "வெளியே போகணும்" என்று அவன் வாயிலிருந்து வர வேண்டிய வடிவத்திலேயே எழுதுங்கள், "போகணுமா?" என்று எழுதாதீர்கள். அவன் அப்படியே திருப்பிச் சொல்வான்.

மற்ற பிள்ளைகளுக்கு: "இவர் நம்ம வகுப்புக்கு உதவ வந்திருக்கார்." அவ்வளவு போதும். அவனுடைய டீச்சர் என்று அறிமுகப்படுத்த விடாதீர்கள். வகுப்புக்கே உதவ வந்தவர் என்று சொன்னால், அடுத்த நாளிலிருந்து பென்சில் தொலைத்த பிள்ளையும் மூக்கு ஒழுகும் பிள்ளையும் அவரைத்தான் தேடி வரும். ஆட்டிசம் என்ற பேச்சை எப்போது, யார், எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. உங்களைக் கேட்காமல் உதவியாளரோ ஆசிரியரோ சொல்லக்கூடாது என்பதையும் அந்த ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இரட்டையர் அப்பா:

அதே பக்கத்தில், உதவியாளர் வராத நாளில் அவனை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள். "பள்ளி பார்த்துக்கொள்ளும்" என்று பொதுவாக எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.